குடுமியான்மலைக் கல்வெட்டும் ஒரு கோடியே அறுபது லட்சம் எண்களும்

புதுக்கோட்டைக்கு மேற்கே உள்ள குடுமியான்மலையில் மேலைக்கோயில் என்ற குடைவரையை ஒட்டிய பாறையில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பொதுவான கருத்து. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பண்களுக்கு ஏழு பிரிவுகளாக ஸ்வரங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பிரிவிலும் நான்கு முதல் ஏழு வரிகள். ஒரு வரிக்கு 16 தொகுதிகள், ஒரு தொகுதிக்கு 4 ஸ்வரங்கள். பார்ப்பதற்குக் கணக்குப் புத்தகத்தின் அட்டவணை போலவே இருக்கும்.

பி.ஆர்.பண்டார்கர் இதைப் படித்து எபிகிராபியா இந்திகாவின் 12-ஆம் தொகுதியில் வெளியிட்டார். இதில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு வரியில் உள்ள 16 தொகுதிகளும் ஒரே ஸ்வரத்தில் முடிகின்றன. இது தற்செயலாக நடந்திருக்குமா?

புள்ளியியல் இதைச் சோதிக்கும் விதம் எளிமையானது. ஏழு சீட்டுகளில் ஏழு ஸ்வரங்களை எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு மறுபடி குடத்தில் போட வேண்டும். 16 முறை எடுத்தால் ஒரு போலி வரியின் கடைசி ஸ்வரங்கள் கிடைத்துவிடும். இப்படி லட்சக்கணக்கான போலி வரிகளை உண்டாக்கி, உண்மையான வரியோடு ஒப்பிடலாம். இதற்குப் பெயர்தான் சிமுலேஷன்.

ஆனால் லட்சம் வரிகளுக்கு யார் சீட்டு எடுப்பது? அந்தச் சிரமத்தைக் குறைக்கவே 1927-இல் இங்கிலாந்தின் டிப்பெட், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளிலிருந்து 41,600 இலக்கங்களை எடுத்து அட்டவணையாக்கினார். 1934-இல் கல்கத்தாவில் மகலனோபிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 'சாங்க்யா' இதழில் தற்செயல் மாதிரிகளின் அட்டவணைகளை வெளியிட்டார்கள். அதே இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1956-இல் இங்கிலாந்திலிருந்து கம்ப்யூட்டர் வந்தது.

கம்ப்யூட்டர் வந்தும் பழைய பழக்கம் போகவில்லை. ஒரு எண்ணை எடு, எழுது, அடுத்ததை எடு என்று லூப் போட்டே புரோகிராம் எழுதினார்கள். 1962-இல் கென்னத் ஐவர்சன் 'ஏ புரோகிராமிங் லாங்குவேஜ்' என்ற நூலில் வேறு வழி காட்டினார். ஒரு முழு வரிசையையோ அட்டவணையையோ ஒரே பொருளாகக் கொண்டு ஒரே கட்டளையில் கணக்கிடலாம் என்றார். 1976-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த எஸ் மொழியும், அதன் வழியில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இஹாக்காவும் ஜென்டில்மேனும் உருவாக்கிய ஆர் மொழியும் இதைப் புள்ளியியலுக்குக் கொண்டுவந்தன.

இதில் வேகம் எங்கிருந்து வருகிறது? ஆர் போன்ற மொழியில் லூப் போட்டால், ஒவ்வொரு சுற்றிலும் இது என்ன வகை எண், என்ன செய்ய வேண்டும் என்று மொழி மறுபடி மறுபடி விசாரிக்கும். ஒவ்வொரு மூட்டைக்கும் தனித்தனியாகச் செக்போஸ்ட்டில் நிற்பது மாதிரி. வெக்டர் முறையில் விசாரணை ஒரே முறைதான். மீதி வேலை, முன்பே இயந்திர மொழிக்கு மாற்றிவைத்த நிரலுக்குள் மடமடவென்று முடிந்துவிடும்.

பத்து லட்சம் போலி வரிகள் என்றால் ஒரு கோடியே அறுபது லட்சம் எண்கள். ஒரே கட்டளையில் வரவழைத்து, பத்து லட்சம் வரிகளும் 16 பத்திகளும் உள்ள அட்டவணையாக மடித்துவிடலாம். எண்ணுக்கு 4 பைட் என்றாலும் 6 கோடியே 40 லட்சம் பைட் மெமரி பிடிக்கும். வேகத்துக்குக் கொடுக்கும் விலை அதுதான். மெமரி போதாவிட்டால் பகுதி பகுதியாகச் செய்ய வேண்டும்.

சரி, விடை என்ன? போலி வரிகளில் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து தொகுதிகள்தான் ஒரே ஸ்வரத்தில் முடியும். பதினாறும் ஒன்றாக அமைய, ஏழை ஏழால் 14 முறை பெருக்கிய எண்ணில் ஒரு வாய்ப்பு. அதாவது ஏறக்குறைய 4.75 லட்சம் கோடியில் ஒன்று. பத்து லட்சம் வரிகளில் ஒன்றுகூட அகப்படாது என்றே சொல்லலாம்.

கல்வெட்டின் பாடத்தை அமைத்தவர் உருத்திராச்சாரியாரின் மாணவரான ஒரு மன்னர் என்று கல்வெட்டே சொல்கிறது. அவர் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போகவில்லை. ஒரு வரி முழுவதையும் ஒன்றாக மனத்தில் வைத்தே அமைத்திருக்கிறார். வேகமான நிரல் எழுத நினைப்பவர்கள் முதலில் பழக வேண்டியதும் அதைத்தான்.