இந்திய தேசிய ராணுவ முன்னோரைத் தேடுதல்

சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றிய மூதாதையரின் வரலாற்றை ஆவணங்கள் வழியாகக் கண்டறியும் முயற்சி இது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின் இப்படை உருவானது. 1943இல் போஸ் தலைமையேற்றார்.

இரு வகை வீரர்கள்: போர்க்கைதிகளாக இருந்து சேர்ந்தவர்களுக்குப் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் படைஎண்ணும் பணிப்பதிவும் இருந்தன. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்களுக்கு அத்தகைய முன்பதிவு இல்லை. இப்படையின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் இருந்த பலரும் இவ்வகையினரே. போருக்குப்பின் பிரிட்டிஷார் கைதான இப்படை வீரர்களை விசாரித்து, அவர்களின் விசுவாசத்தைக் கணித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என வகைப்படுத்தினர்.

ஆவணங்கள்: புதுதில்லித் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகம் 1997இல் இப்படை தொடர்பான 990 கோப்புகளை ஒப்படைத்தது. 1972இல் தொடங்கிய மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் இவ்வீரர்களையும் உள்ளடக்கியது. எனவே ஓய்வூதிய ஆணை, தியாகிகளுக்கு வழங்கப்பட்ட தாமிரப் பட்டயம் ஆகியவையும், அவற்றோடு பழைய கடவுச்சீட்டு, கடிதங்களும் வீட்டுப் பெட்டியிலேயே கிடைக்கலாம்.

தேடும் முறை: தந்தை பெயர், ஊர், தோட்டத்தின் பெயர் ஆகிய மூன்றையும் முதலில் திரட்ட வேண்டும். ஆங்கிலப் பதிவுகளில் ஒரே தமிழ்ப்பெயர் பலவிதமாக எழுதப்பட்டிருக்கும். மாவட்டப் பெயர்களும் மாறியிருக்கலாம்: எடுத்துக்காட்டாக, திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் உருவானது. ஆதலால் அம்மாவட்டத்தின் மங்கலம் பகுதிக் குடும்பங்கள் பழைய கோயம்புத்தூர் மாவட்டப் பெயரில் தேட வேண்டும். மூத்தோரின் நினைவுகளை உடனே பதிவுசெய்வதே எல்லாவற்றிலும் அவசரமான பணி. காகிதம் காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார்.