குரல்வழி மனப்பதிவு: புத்தளக் கரையோரம்

ஒருவர் பேசக் கேட்டதும் அவரது வயது, ஊர், சமயம், படிப்பு, குணம் ஆகியவை பற்றிக் கேட்பவர் மனத்தில் எழும் எண்ணமே குரல்வழி மனப்பதிவு. இது நொடிப்பொழுதில் உருவாகிறது. பெரும்பாலும் கேட்பவர் அறியாமலே உருவாகிறது. இலங்கையின் வடமேல் மாகாணத்தில், தெற்கே மகா ஓயாவிலிருந்து வடக்கே மோதரகம் ஆறு வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையோரம் இதை ஆராய ஏற்ற களம். தமிழ் பேசுவோரில் இந்துக்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இங்கு உண்டு. வீட்டில் தமிழ் பேசிக்கொண்டே தம்மைச் சிங்களவர் எனக் கருதும் மீனவக் குடும்பங்களும் உண்டு. பேச்சை வைத்து இனத்தை முடிவு செய்வது இக்கரையில் அடிக்கடி பொய்த்துப் போகும்.

குரலின் கூறுகள்

குரலின் சுருதி, உரப்பு, வேகம், ஏற்ற இறக்கம், கரகரப்பு, இடைநிறுத்தம் ஆகிய அனைத்தும் மனப்பதிவில் பங்கு பெறுகின்றன. குரல்நாண்கள் அதிரும் விரைவே சுருதியைத் தீர்மானிக்கிறது. வளர்ந்த ஆண்களிடம் அது பொதுவாக நொடிக்கு 85 முதல் 180 முறை வரையும், பெண்களிடம் 165 முதல் 255 முறை வரையும் இருக்கும். தாழ்ந்த சுருதியைக் கேட்போர் வலிமையோடும் அதிகாரத்தோடும் இணைத்துப் பார்ப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

உரப்பு பெரிதும் சூழலைப் பொறுத்தது. இரைச்சலுக்கு நடுவே பேசுபவர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவதை 1911 இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் விவரித்தார். இன்று அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அலையிரைச்சலையும் படகின் இயந்திரச் சத்தத்தையும் மீறிப் பேச வேண்டிய கடற்றொழிலாளிக்கு உரத்த பேச்சு தொழிலின் தேவை. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலில் முன்பாட்டுக்காரரின் குரல் கயிறு பிடித்திருக்கும் கடைசி ஆள் வரை எட்டினால்தான் எல்லாரும் ஒரே மூச்சில் இழுக்க முடியும். அதே உரப்பு ஓர் அலுவலக மேசைக்கு முன்னால் கோபமாகவோ மரியாதைக் குறைவாகவோ எடுத்துக்கொள்ளப்படலாம்.

முதல் எண்ணம் பற்றிய ஆய்வுகள்

2014 இல் வெளியான கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வொன்றில் 64 பேர் ‘ஹலோ’ என்று சொன்ன பதிவுகள் 320 பேருக்கு ஒலிக்கப்பட்டன. ஒவ்வொரு பதிவும் அரை நொடியளவே நீண்டது. அதற்குள்ளேயே எந்தக் குரல் நம்பத்தக்கது, எது ஆதிக்கம் மிக்கது என்பதில் கேட்டோர் பெரிதும் ஒத்துப்போயினர். ஆயினும் பலர் ஒரே முடிவுக்கு வருவதால் அம்முடிவு உண்மையாகிவிடாது.

1960 இல் உளவியலாளர் வொலஸ் லாம்பர்ட்டும் சக ஆய்வாளர்களும் மொன்றியல் நகரில் செய்த சோதனை குரலிலிருந்து சமூக மதிப்பைப் பிரித்துக் காட்டியது. இருமொழியாளர்கள் ஒரே பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசித்தனர். இரண்டும் ஒருவர் குரலே என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது. ஆங்கில வாசிப்புக்கே பல பண்புகளில் உயர்ந்த மதிப்புக் கிடைத்தது. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அப்படியே மதிப்பிட்டனர். ஆள் மாறாமல் மொழி மட்டும் மாறியதால், மதிப்பு அந்தந்த மொழிக்குழுவின் சமூக நிலையிலிருந்து வந்தது என்பது தெளிவாயிற்று.

கரையோரத்தின் பேச்சுச் சமூகங்கள்

2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ 7.6 இலட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் சிங்களவர், ஐந்தில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். உடப்பு தமிழ் இந்துக்களின் மீனவ ஊர். அங்குள்ள திரௌபதை அம்மன் கோவிலின் தீமிதிப்பு புகழ் பெற்றது. புத்தளம், கற்பிட்டிப் பகுதி முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழே. வாப்பா, உம்மா, நானா, ராத்தா என்னும் உறவுமுறைச் சொற்கள் வந்த கணமே பேசுபவர் முஸ்லிம் எனக் கேட்பவர் அறிந்துகொள்கிறார்.

நீர்கொழும்பிலிருந்து சிலாபத்தை நோக்கி நீளும் கரையில் கரவா சாதி மீனவர் பேசும் தமிழ் வேறு வகையானது. மொழியியலாளர் ஸ்டீவன் பொன்டா நீர்கொழும்பு மீனவர் தமிழை விரிவாக ஆராய்ந்தார். ‘போனேன்’, ‘போனாய்’, ‘போனான்’ என ஆளுக்கேற்ப வினைமுற்று மாறுவது தமிழின் பொது இயல்பு. சிங்களப் பேச்சுவழக்கின் செல்வாக்கால் இம்மாற்றம் மீனவர் தமிழில் பெரிதும் மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தாரின் காதுக்கு இது பிழைபட்ட தமிழாகப் படலாம். உண்மையில் இரு மொழிகள் பல தலைமுறைகளாக ஒரே வீட்டில் புழங்கியதால் உருவான, தனக்கென ஒழுங்குடைய வழக்கு அது.

புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் முன்னோர் போர்த்துக்கேயர் காலம் முதல் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களது போர்த்துக்கேயக் கலப்புமொழி இன்று ‘மஞ்ஞா’ பாடல்களில்தான் பெரிதும் எஞ்சியுள்ளது. அன்றாடப் பேச்சு சிங்களம்.

பள்ளியும் திருச்சபையும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கரையின் கத்தோலிக்கப் பாடசாலைகள் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறின. 1940 முதல் 1972 வரை சிலாபம் ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் இம்மாற்றத்தில் முக்கிய பங்கு வகித்தார். 1956 இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானது அதற்கு மேலும் வலுச்சேர்த்தது. படிப்பும் உத்தியோகமும் சிங்களத்தில் அமைந்தபோது, தமிழ், முதியோரின் வீட்டுமொழியாகவும் கடற்கரை மொழியாகவும் சுருங்கியது. இப்படிச் சூழலுக்கேற்ப மொழி மாற்றிப் பேசும் ஒருவரைப் படகில் கேட்டவரும் பாடசாலையில் கேட்டவரும் வெவ்வேறு ஆளாகவே எண்ணக்கூடும்.

1990 இடப்பெயர்வு

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினர். அவர்களுள் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் குடியேறினர். வந்தவர்களும் உள்ளூர் முஸ்லிம்களும் ஒரே சமயத்தவர், ஒரே மொழியினர். ஆனால் வந்தவர்களின் பேச்சு வட இலங்கைத் தமிழுக்கு நெருக்கமானது. ஆகவே வாய் திறந்ததும் ஊர் தெரிந்துவிடும் நிலை இருந்தது. தண்ணீர், காணி, வேலை ஆகியவற்றுக்குப் போட்டி கூடிய இடத்தில் இந்தச் சிறு ஒலி வேறுபாடும் உள்ளூரார், அகதி என்னும் பிரிவினையை நினைவூட்டியது.

வானொலிக் குரல்

ஆளைக் காணாமல் குரலை மட்டும் கேட்டு மதிப்பிடும் பழக்கத்தை வானொலி பரப்பியது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பாளர்கள் பாக்கு நீரிணைக்கு இருபுறமும் நேயர்களைப் பெற்றிருந்தனர். எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களை அவர்கள் முகம் அறியாதவர்களும் அடையாளம் கண்டனர். கொழும்பு முஸ்லிமான ஹமீதின் உச்சரிப்பு திருத்தமான தமிழுக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்பட்டது.

ஆபத்துகளும் வரம்பும்

உச்சரிப்பை வைத்து ஆளைப் பிரிப்பது உயிராபத்தாகவும் முடியும். விவிலியத்தின் நீதித்தலைவர்கள் நூலில் ‘ஷிபோலெத்’ என்னும் சொல்லைச் சரியாகச் சொல்ல முடியாத எப்ராயிம் குலத்தார் யோர்தான் துறையில் கொல்லப்படுகின்றனர். இலங்கையில் 1983 வன்செயலின்போது, வழிமறிக்கப்பட்டவர்களைச் சிங்களச் சொற்களை உச்சரிக்கச் செய்து தமிழரைக் கண்டறிய முயன்ற நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. சிங்களமும் தமிழும் சரளமாகப் பேசும் கரையோரத்தார் இருபுறச் சோதனையிலும் தேறலாம், இருபுறச் சந்தேகத்துக்கும் ஆளாகலாம்.

அமைதிக் காலத்திலும் பாகுபாடு தொடரக்கூடும். மொழியியலாளர் ஜோன் பா 1999 இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வுக்காக, மூன்று ஆங்கில வழக்குகளில் கலிபோர்னிய வீட்டு உரிமையாளர்களைத் தொலைபேசியில் அழைத்தார். வெள்ளையர் மிகுந்த பகுதிகளில் கறுப்பின, மெக்சிக்க வழக்குகளுக்கு வீடு பார்க்கும் அனுமதி குறைவாகவே கிடைத்தது.

பேச்சிலிருந்து வளர்ந்த ஊரையும் பழகிய கூட்டத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். நேர்மை, அறிவு, குணம் ஆகியவற்றுக்கு அது நம்பத்தக்க சான்று அன்று; புத்தளக் கரையில் இனத்துக்கும் அது உறுதியான சான்று அன்று.