மிட்டாய்ச் சிகரெட்டு: பெற்றோர் எடுத்த குழந்தைப் படத்தில் துணைப்பொருளும் கூற்றும்

அகப்பாடல் ஒன்றை ஆராயப் புகுவோர் முதற்கண் வினவுவது, அஃது யார் கூற்று என்பதாகும். தலைவி கூற்றாகக் கொள்ளின் ஒரு பொருளும், தோழி கூற்றாகக் கொள்ளின் வேறொரு பொருளும் படுதல் உண்டு. இவ்வினா நிழற்படத்திற்கும் பொருந்தும் என்பது நம் கருத்து. சிறப்பாக, பெற்றோர் தம் குழந்தையையே படமெடுக்குமிடத்து, அதன் கையிலோ உடையிலோ அமையும் துணைப்பொருள் யாருடைய சொல்லாக நிற்கின்றது என்பது ஆராயத்தக்கது. அமெரிக்க நிழற்படக் கலைஞர் சாலி மான் 1989-இல் எடுத்த 'மிட்டாய்ச் சிகரெட்டு' என்னும் படத்தை நடுவாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம். அதற்குமுன், ஒப்பிடத்தக்க பழைய படங்கள் இருவகையைக் காண்டல் வேண்டும்.

இங்கிலாந்தில் வாழ்ந்த கிளெமெண்டினா ஹாவர்டன் சீமாட்டி (1822–1865) தம் பெண்மக்களையே இடைவிடாது படமெடுத்தவர். இலண்டன் தெற்குக் கென்சிங்டனில் இருந்த தம் இல்லத்தின் மேல்மாடத்தில், நிலைக்கண்ணாடியும் சாளர ஒளியும் துணையாக, மகளிருக்குப் பல்வேறு வேடங்கள் அணிவித்தார். ஒருத்தி ஆடவன் உடையில் நிற்க, மற்றொருத்தி காதலியாக அமைந்த படங்களும் உள. அவர் படங்கள் இலண்டன் நிழற்படக் கழகத்தின் கண்காட்சிகளில் வெள்ளிப் பதக்கம் பெற்றன. வேடம் வேடமென்றே வெளிப்படையாகத் தெரிந்தமையால், அவ்வுடை அப்பெண்ணின் ஒழுக்கத்தைக் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டுவதில்லை. அது நாடகத்தின் கூற்று.

லூயிசு ஹைன் எடுத்த படங்கள் வேறு வகையின. தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவிற்காக அமெரிக்க ஊர்தோறும் சென்ற அவர், 1910-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் முற்பகல் 11 மணிக்குச் செயிண்டு லூயி நகரில் செய்தித்தாள் விற்கும் சிறுவர் சிலரைப் படமெடுத்தார். நாளும் பொழுதும் இடமும் குறித்து, அவர்கள் அனைவரும் புகைத்துக்கொண்டிருந்தனர் என்றும் எழுதிவைத்தார். அச்சிகரெட்டுகள் மெய்யானவை, சிறுவர் தாமே பற்றவைத்தவை. அவற்றைக் கண்டோர் படமெடுத்தவரைப் பழித்திலர். சிறுவரைத் தெருவில் விட்ட சமுதாயத்தையே பழித்தனர். குழந்தையின் செயலே அங்குக் கூற்றாயிற்று.

இனி மானின் படத்தைக் காண்போம். 1951-இல் வர்சீனியா மாநிலத்து இலெக்சிங்டனில் பிறந்த இவர், தம் மக்கள் மூவரையும் அவ்வூர்ச் சூழலிலேயே படமெடுத்தார். 'மிட்டாய்ச் சிகரெட்டு' என்னும் படத்தில், வெண்ணிற உடையணிந்த மூத்த மகள் கைகட்டி நின்று நேர்ப்பார்வை பார்க்கின்றாள். அவள் விரலிடையே வெண்குச்சி ஒன்று விளங்குகின்றது. இளைய மகள் புறங்காட்டி இடுப்பிற் கைவைத்து நிற்க, பின்புலத்தில் மகன் மரக்கால்மேல் நிற்பது மங்கலாகத் தெரிகின்றது. அவ்வெண்குச்சி சருக்கரையாற் செய்த தின்பண்டம். ஆயின் கருப்பு வெள்ளைப் படத்தில் சருக்கரைக்கும் சிகரெட்டுக் காகிதத்திற்கும் வேற்றுமை இல்லை. மேலும், மான் கையாண்டது 8 அங்குலத்திற்கு 10 அங்குலம் அளவுள்ள பிலிமைக் கொள்ளும் பெரிய கருவி. முக்காலியும் கருந்துணியும் வேண்டும் அக்கருவியாற் படமெடுத்தல் பொறுமையோடு செய்யும் வினையாகும். ஆதலின் அக்குச்சி தற்செயலாக அங்கு அமைந்தது என்று கூறித் தப்புதல் இயலாது.

காலமும் அப்பொருளுக்கு ஒரு சுமையை ஏற்றியிருந்தது. வடக்கு டக்கோட்டா மாநிலம் 1953 முதல் 1967 வரை மிட்டாய்ச் சிகரெட்டைத் தடைசெய்திருந்தது. 1964-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிற்று. 1971-இல் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரெட்டு விளம்பரம் நின்றது. 2003-இல் நிறைவேறிய உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, இத்தகைய தின்பண்டங்களையும் பொம்மைகளையும் பெயர்சுட்டி விலக்கக் கூறுகின்றது. எனவே 1989-இல் விளையாட்டுப் பொருளாகவும் தீப்பொருளாகவும் ஒருங்கே நின்ற ஒன்றே அம்மகளின் கையில் இருந்தது. அதன் முழுப்பொருளையும் அறிந்தவர் தாய்; அறிய வேண்டாப் பருவத்தினள் மகள். மெய்ச் சிகரெட்டு ஹைனுக்குப் பழி தராதிருக்க, பொய்ச் சிகரெட்டு மானுக்குப் பழி தந்தமைக்குக் காரணம் இதுவே. மகளின் கையில் இருப்பது தாயின் கூற்று என்று காண்போர் கருதினர்.

1992-இல் 'இம்மீடியட் ஃபாமிலி' என்னும் நூல் வெளிவந்தபோது எழுந்த பூசல், பெரிதும் குழந்தைகள் ஆடையின்றி அமைந்த படங்களைப் பற்றியது. எனினும் அடிப்படை வினா ஒன்றே. நூலை ஒத்திவைக்க மான் முதலில் எண்ணினார். மக்கள் அதற்கு உடன்படாமையால், மூத்த இருவரும் உளநூல் வல்லுநரோடு உரையாட ஏற்பாடு செய்யப்பட்டது; எப்படங்கள் இடம்பெறலாம் என்பதில் மக்களுக்கு வாக்கும் அளிக்கப்பட்டது. இது பாராட்டத்தக்கதே. ஆயினும் ஒரு படம் நாற்பது ஆண்டுகட்குப்பின் என்னென்ன பொருள் தரும் என்பதைச் சிறார் அளந்தறிதல் அரிது. அவர் இசைவு மெய்யானது, ஆனால் நிறைவானதன்று.

இவற்றால் நாம் பெறும் முடிபுகள் இரண்டு. முதலாவது, துணைப்பொருள் தீதா நன்றா என்று மட்டும் வினவுதல் போதாது. அதன் பொருளை அறிந்தவர் யார், அதன் பழியை ஏற்பவர் யார் என்பதையும் வினவுதல் வேண்டும். அறிந்தவர் ஒருவராகவும் பழி சுமப்பவர் மற்றொருவராகவும் இருப்பின், அங்கே பெற்றோரின் உரிமைக்கு எல்லை உண்டு. இரண்டாவது, அப்படத்தின் தலைப்பிலுள்ள 'மிட்டாய்' என்னும் சொல்லே அம்மகளைக் காத்து நிற்கின்றது. தலைப்பை நீக்கி அச்சிடின், விளையாடிய சிறுமி புகைத்த சிறுமி ஆகிவிடுவாள். கூற்றுக் குறிப்பை இழந்த அகப்பாடல் பொருள் மயங்குவது போன்றதே இதுவும். பாடலில் மயங்குவது பொருள் மட்டுமே. படத்திலோ, உயிரோடு வாழும் ஒருவரின் பெயர் மாசுறும். ஆதலின் இத்தகைய படங்களைத் தொகுப்போரும் பதிப்போரும் தலைப்பையும் ஆண்டையும் படத்தின் உறுப்பாகவே கொண்டு காத்தல் கடன். குழந்தையாய் நின்றவர் வளர்ந்தபின் கூறும் சொல்லையும் அதனோடு சேர்த்துவைத்தல் வேண்டும். அதுவே அவர்தம் கூற்று.