புரோஆல்கூல்: பிரேசிலின் எத்தனால் திட்டம்

புரோஆல்கூல் என்பது கரும்பிலிருந்து காய்ச்சி எடுக்கும் எத்தனாலை அன்றாட வாகனங்களுக்கு எரிபொருளாக்க, அதிபர் எர்னஸ்டோ கைசெல் காலத்தில், 1975 நவம்பர் 14 அன்று பிரேசில் தொடங்கிய தேசியத் திட்டம். தாவர எரிபொருள் சந்தையில் நிலைக்குமா என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டு அனுபவத்தோடு விடை தருவது இதன் வரலாறு. மலிவாகத் தயாரித்தால் மட்டும் போதாது. விலை ஏறி இறங்கும்போது மாறிக்கொள்ளும் வசதி ஆலைக்கு இருப்பதுபோல வண்டி ஓட்டுபவருக்கும் இருந்தால்தான் அந்த எரிபொருள் நிலைக்கும்.

இறக்குமதிப் பெட்ரோலில் 5% எத்தனால் கலக்க வேண்டும் என்று பிரேசில் 1931-லேயே சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் கச்சா எண்ணெய் மலிவாகக் கிடைத்தவரை அதை விரிவுபடுத்தும் அவசரம் எழவில்லை. 1973-இல் எண்ணெய் விலை பன்மடங்கானபோது, தேவையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை இறக்குமதி செய்துவந்த நாடு திணறியது. 1974-இல் உச்சம் தொட்ட சர்க்கரை விலையும் அடுத்த ஆண்டே சரிந்தது. விற்காத கரும்பை எரிபொருளாக்கினால் இரண்டு சுமையும் குறையும் என்று அரசு கணக்கிட்டது. முதலில் நீர் நீக்கிய எத்தனால் பெட்ரோலில் கலக்கப்பட்டது. 1979-இல், எத்தனாலில் மட்டுமே ஓடும் ஃபியட் 147 விற்பனைக்கு வந்தது. குறைந்த வட்டிக் கடன், வரிச்சலுகை, பெட்ரோலைவிடக் குறைவாக நிர்ணயித்த விலை ஆகியவற்றால், 1980-களின் நடுவில் புதிய கார்களில் பத்தில் ஒன்பது எத்தனால் கார்களாயின.

1986-இல் கச்சா எண்ணெய் விலை வீழ்ந்ததும் மானியம் பாரமானது. பின்னர் உலகச் சந்தையில் சர்க்கரை விலை ஏற, அதே கரும்புச் சாற்றைச் சர்க்கரையாகக் காய்ச்சுவதே ஆலைகளுக்கு இலாபமாயிற்று. 1989-இல் எத்தனாலுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆலை மாறிக்கொண்டது, வண்டிக்காரரால் மாற முடியவில்லை. அவருடைய எஞ்சினின் அமுக்க விகிதமே எத்தனாலுக்கென்று அமைந்தது. மக்கள் நம்பிக்கை இழந்தனர். 1990-களின் இறுதியில் அத்தகைய கார்களின் விற்பனை ஏறக்குறைய நின்றே போயிற்று.

திட்டத்துக்கு மறுவாழ்வு தந்தது 2003-இல் ஃபோக்ஸ்வேகன் கோல் காருடன் வந்த இருவகை எரிபொருள் எஞ்சின். புகைக்குழாயிலுள்ள உணரி ஆக்சிஜனை அளக்க, எஞ்சின் கணினி கலவையைக் கணித்து, செலுத்தும் எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் திருத்திக்கொள்ளும். ஒரே தொட்டியில் எதை எவ்வளவு ஊற்றினாலும் வண்டி ஓடும். ஒரு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்பதால், பிரேசில் மக்களிடையே 70% கணக்கு பழகிப்போனது. பெட்ரோல் 6 ரியால் என்றால், எத்தனால் 4.20 ரியாலுக்குக் கீழே இருந்தால்தான் இலாபம். இந்தச் சிறு வகுத்தல் கணக்கை பங்க்கிலேயே போட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம்.

இது அரசுப் பணத்தில் வளர்ந்ததுதானே என்பது நியாயமான ஆட்சேபம். தொடக்கக் கால மானியத்தை மறுக்க முடியாது. ஆனால் பெட்ரோல் விலையும் அரசியலுக்கு அப்பாற்பட்டதன்று: பணவீக்கத்துக்கு அஞ்சி 2011 முதல் சில ஆண்டுகள் அரசு அதை அழுத்தி வைத்தபோது பல எத்தனால் ஆலைகள் மூடப்பட்டன. நிலம், நீர், உணவு பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது. சாவ் பாவ்லோவில் கரும்பு பெரும்பாலும் மழையிலேயே விளைகிறது; கொதிகலனுக்குச் சக்கையே எரிபொருள். எல்லா நாட்டுக்கும் இது வாய்க்காது. சர்க்கரைவழி எத்தனால் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் தேவை என்று இந்தியாவின் நிதி ஆயோக் 2021-இல் கணக்கிட்டது. 2025-இல் 20% கலப்பை எட்டிய இந்தியாவில், பெரும்பாலான பங்க்குகளில் வேறு கலவையைக் கேட்டு வாங்கவும் வழியில்லை.

மின்வாகனம் வந்தபின் எத்தனாலுக்கு இடமுண்டா என்பது இன்றைய கேள்வி. பிரேசில் 2019-இல் எத்தனாலிலும் ஓடும் ஹைபிரிட் கொரோலாவைக் கண்டது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலில் கலக்கும் பங்கை 30% ஆக்கியது. கரும்பும் மழையும் உள்ள நாட்டில், மின்கலத்துக்குத் துணையாக எத்தனால் நீடிக்க முடியும். ஆனால் கலப்பு விழுக்காட்டை உயர்த்தும் ஆணை மட்டும் அதைக் காப்பாற்றாது. மாற்று எரிபொருளுக்குத் திரும்ப வழியில்லாத வண்டிக்காரர் 1989-இல் கைவிட்டதுபோல மீண்டும் கைவிடுவார்.