ஒசூர் வாகன ஆலைகளில் தொழிற்சங்கமும் தர வட்டமும்

முன்னுரை

தமிழகத் தொழிற்சங்க வரலாறு பெரும்பாலும் சென்னை, கோவை, மதுரைப் பஞ்சாலைகளை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கமே அவ்வரலாற்றின் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. பழைய தருமபுரி மாவட்டத்தின் ஒசூர் அதில் அருகியே இடம்பெறுகிறது. 1965இல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்ட தருமபுரி மாவட்டத்தில், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் உருவாகும் வரை ஒசூர் அடங்கியிருந்தது. அக்காலத்தில் ஒசூர் வாகன ஆலைகளில் தொழிலாளரின் குரல் எவ்வழிகளில் ஒலித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆலைகளின் வருகை

கேழ்வரகு விளையும் மானாவாரி நிலப்பகுதியாக இருந்த ஒசூரில் சிப்காட் நிறுவனம் தொழில் வளாகம் அமைத்தது. பின்தங்கிய பகுதிக்கான சலுகைகளும், ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலிருந்த பெங்களூரும் முதலீட்டை ஈர்த்தன. 1980இல் அசோக் லேலண்ட் நிறுவனம் இங்குச் சரக்குந்து ஆலையைத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே டி.வி.எஸ். 50 மொபெட் ஒசூரிலிருந்து சந்தைக்கு வந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழியும் வழங்கும் இவ்வூரில், மரபான ஆலை நகரங்களில் தலைமுறைகளாக வளர்ந்த சங்க அனுபவம் இல்லை.

பதிவும் ஏற்பும்

1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்படி எழுவர் கூடினால் சங்கத்தைப் பதிவு செய்ய இயன்றது. ஆயினும், பதிவு பெற்ற சங்கத்தை நிர்வாகம் ஏற்றுப் பேச வேண்டும் என அச்சட்டம் வற்புறுத்தவில்லை. மகாராட்டிரம் 1971இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. தமிழகத்தில் அத்தகைய சட்டம் அக்காலத்தில் இருக்கவில்லை. 1958ஆம் ஆண்டின் ஒழுங்கு நெறிமுறையும் தன்விருப்பின்பாற்பட்டதே. ஆகவே, ஊதியம் பற்றிய பேச்சுக்கு முன்பே, யாருடன் பேசுவது என்பதே பிணக்காயிற்று.

வெளியிலிருந்து வரும் தலைவர் பற்றிய சர்ச்சையும் இதனோடு இணைந்தது. நிர்வாகிகளில் பாதிப்பேர் வரை வெளியாராக இருக்கச் சட்டம் இடமளித்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைச் சுருக்கியது. நிர்வாகங்கள் அத்தலைவர்களை ஆலையின் நிலைமை அறியாதவர்களாகக் கருதின. தொழிலாளருக்கோ, வேலைநீக்கத்துக்கு ஆட்படாமல் நிர்வாகத்தின் எதிரே அமரக்கூடியவர் அவரே.

கதவடைப்பும் தர வட்டமும்

1990களின் தொடக்கத்தில் டி.வி.எஸ்.-சுசுகியின் ஒசூர் ஆலை, தொழிலுறவுப் பிணக்கினால் சில மாதங்கள் மூடிக் கிடந்தது. அதன் பின்னர் அந்நிறுவனம் முழுமைத் தர மேலாண்மையைக் கைக்கொண்டது. 2002இல் ஜப்பானின் டெமிங் விருதையும் பெற்றது. இம்முறையில் தொழிலாளர் சிறு குழுக்களாகக் கூடி, பழுது, விரயம், பாதுகாப்பு ஆகியவை குறித்து யோசனை கூறுவர். தொழிலாளியின் கைத்திறனோடு அவருடைய அறிவுக்கும் மதிப்பளித்த மாற்றம் என இதனைக் கொள்ளலாம்.

எனினும், தர வட்டத்தின் பேசுபொருளுக்கு ஓர் எல்லை உண்டு. வேலையை எவ்வாறு செம்மையாகச் செய்வது என்பது அங்குப் பேசப்படும். அவ்வேலைக்கு என்ன ஊதியம், எவருக்கு நிரந்தரப் பணி என்பன பேசப்படா. 24 மாதங்களில் 480 நாள் பணியாற்றியவருக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருந்தும், பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளர் ஆகியோரின் நிலை வாகனத் தொழிலில் தீராச் சிக்கலாகவே தொடர்ந்தது.

முடிவுரை

சங்கமும் தர வட்டமும் ஒன்றற்கொன்று மாற்றாக முடியாது என்பதை ஒசூரின் வரலாறு உணர்த்துகிறது. 2018இல் ஒரகடம் யமஹா ஆலையில், சங்கம் அமைக்க முனைந்த இருவரின் பணிநீக்கத்தை ஒட்டி வேலைநிறுத்தம் மூண்டது. புதிய ஆலை, புதிய தலைமுறை, பிணக்கோ பழையதே. பேசுவதற்குரிய பிரதிநிதி யார் என்பதைச் சட்டம் தெளிவுறுத்தாதிருந்த வரை, தொழிலமைதி நிர்வாகத்தின் நல்லெண்ணத்தையும் தொழிலாளரின் பொறுமையையும் சார்ந்தே நின்றது.