போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு

ஜப்பானியத் துப்பறியும் வீடியோ விளையாட்டு. யூஜி ஹோரி வடிவமைத்தது. எனிக்ஸ் நிறுவனம் 1983 ஜூனில் என்இசி பிசி-6001 கணினிக்காக இதனை வெளியிட்டது. இன்று அதிகம் பேசப்படுவது நின்டெண்டோவின் ஃபமிகொம் கருவிக்காக 1985 நவம்பர் 29 அன்று வந்த மறுவடிவம். அதை உருவாக்கியவர்கள் கொயிச்சி நகமுராவின் சுன்சோஃப்ட் குழுவினர். ஃபமிகொம்மில் வெளியான முதல் சாகச விளையாட்டு இதுவே.

கதை கோபே துறைமுக நகரில் நடக்கிறது. 1981இல் அங்கே நடந்த போர்ட்டோபியா கண்காட்சியின் பெயரே விளையாட்டுக்கும் வந்தது. வட்டிக்குக் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் தலைவர் கோசோ யமகவா, உட்புறம் பூட்டிய அறையில் பிணமாகக் கிடக்கிறார். பார்த்தால் தற்கொலை போலத் தெரியும். விளையாடுபவர் பொலிஸ் மேலதிகாரி. அவர் திரையில் வருவதே இல்லை. அவர் கட்டளையிட, உதவியாளன் யசு போய்ப் பார்த்து வந்து சொல்வான். விசாரணை கியோத்தோவுக்கும், ஹோரி பிறந்த அவாஜித் தீவுக்கும் நீள்கிறது.

மூல வடிவில் வினைச்சொல்லையும் பெயர்ச்சொல்லையும் விசைப்பலகையில் தட்டச்சு செய்ய வேண்டும். எந்தச் சொல்லைக் கணினி ஏற்கும் என்று தேடுவதிலேயே நேரம் போகும். துப்பு கையில் இருந்தும் சரியான சொல் கிடைக்காமல் விளையாட்டு நின்றுவிடும். துப்பறியும் கதைக்கு இதைவிடப் பெரிய இடையூறு கிடையாது. ஹோரி தமது அடுத்த படைப்பான ஹொக்கைதோ தொடர் கொலை வழக்கிலேயே (1984) கட்டளைகளைப் பட்டியலிட்டு, அதிலிருந்து தெரிவு செய்யும் முறைக்கு மாறினார். ஃபமிகொம்மின் கைப்பிடியில் திசைவிசையும் நான்கு பொத்தான்களும் மட்டுமே இருந்ததால், போர்ட்டோபியாவுக்கும் அம்முறை கட்டாயமாயிற்று. இடம் மாறு, விசாரி, பொருளைக் காட்டு, கைது செய் என 14 கட்டளைகள் திரையோரத்தில் நின்றன. சொல்லைத் தேடும் வேலை ஒழிந்து, யாரிடம் எதைக் கேட்பது என்ற யோசனை முன்னுக்கு வந்தது. ஆகவே மறுவடிவமே முழுமையான படைப்பு எனக் கொள்ளத் தகும். யமகவாவின் மாளிகைக்கு அடியில் புதிதாகச் சேர்த்த முப்பரிமாணச் சுரங்கப் புதிர்வழி மட்டும் கதையோடு முற்றாக ஒட்டவில்லை.

கொலையாளி யசுவே. சொன்ன வேலையெல்லாம் செய்துகொண்டு கூடவே வந்தவன் குற்றவாளி என்ற இந்த முடிவு, "குற்றவாளி யசு" என்ற தொடராக ஜப்பானில் விளையாட்டை அறியாதவர் வாயிலும் புழங்கியது.

அந்நாளில் இந்த விளையாட்டு ஜப்பானிய மொழியில் மட்டுமே வெளிவந்தது.

ஃபமிகொம் வடிவம் பல இலட்சம் பிரதிகள் விற்றது. ஹோரியும் நகமுராவும் மீண்டும் சேர்ந்து உருவாக்கிய டிராகன் குவெஸ்ட் 1986 மே மாதம் வெளியானது. அதுவும் கட்டளைப் பட்டியலைக் கொண்டே இயங்குகிறது. மெட்டல் கியர் தொடரைப் படைத்த ஹிதேயோ கொஜிமா, தம்மை விளையாட்டுத் துறைக்கு ஈர்த்தவற்றுள் போர்ட்டோபியாவையும் குறிப்பிடுகிறார்.

பின்னர் கைபேசி வடிவங்கள் வந்தன. 2023 ஏப்ரலில் ஸ்குவயர் எனிக்ஸ், தட்டச்சு முறையைச் செயற்கை நுண்ணறிவுடன் மீட்டு இலவசமாக வெளியிட்ட பதிப்பு பெரும் கண்டனத்துக்கு உள்ளானது.