அகத்தியமலைக் காணிக்காரர்களின் உணவு

காணிக்காரர்கள் திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கே, அகத்தியமலைச் சரிவுகளில் வாழும் பழங்குடியினர். கோட்டூர், விதுரா, அம்பூரி ஊர்களை ஒட்டிய காடுகளில் இவர்களது குடியிருப்புகள் உள்ளன. தமிழ்நாட்டில் பாபநாசம், பேச்சிப்பாறை மலைகளிலும் இவர்கள் வாழ்கின்றனர். சாலை வராத காலத்தில் உப்பு, கருவாடு போன்ற சிலவற்றுக்கு மட்டுமே இவர்கள் சந்தையை நம்பினர். மற்ற உணவைக் காடு தந்தது.

அக்காலத்தில் காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து விதைப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் மண்ணின் வளம் குறைந்ததும் வேறிடம் போவார்கள். மலைநெல்லும் கேழ்வரகும் தீர்ந்த மாதங்களில் காட்டுக் கிழங்குகளே உயிர் காத்தன. கவலைக் கிழங்கு ஆழத்தில் இறங்கும். கூரிய கம்பால் நெடுநேரம் தோண்ட வேண்டும். நச்சுள்ள கிழங்குகளைச் சீவி, ஓடும் நீரில் ஊறவைத்து, பிறகே வேகவைப்பார்கள். தேன், கீரை, ஓடை மீன், வேட்டை இறைச்சி ஆகியவை சேர்ந்ததால் அந்த உணவில் புரதமும் தாதுக்களும் இருந்தன. மழைக்காலப் பட்டினியும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆரோக்கியப்பச்சை என்ற காட்டுச் செடியின் பழத்தைத் தின்று களைப்பின்றி மலையேறிய காணி வழிகாட்டிகளை அறிவியலாளர்கள் 1987இல் கவனித்தனர். பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'ஜீவனி' மருந்து அந்தச் செடியிலிருந்து வந்தது.

பின்னர் இவர்கள் உணவில் மரவள்ளியும் சேர்ந்தது. திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1942இல் பர்மா அரிசி வரத்து நின்றபோது சமவெளி ஏழைகளுக்கும் மரவள்ளியே சோறானது. நூறு கிராம் மரவள்ளியில் புரதம் ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதல். கடலோரத்தில் மத்தி மீன் அக்குறையை ஈடுசெய்தது. மலைக்கு அந்த மீன் கருவாடாக, அதுவும் எப்போதாவதுதான் வந்தது.

இவர்கள் வாழும் காடுகளில் நெய்யாறு 1958லும் பேப்பாறை 1983லும் வனவிலங்குச் சரணாலயங்களாயின. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. இடம்மாறிச் செய்யும் சாகுபடியும் மறைந்தது. ரேஷன் அரிசி பஞ்ச மாதங்களின் பசியைத் தணித்தது. இது பெரிய நன்மை. ஆனால் இறைச்சியும் கேழ்வரகும் பலவகைக் கிழங்குகளும் குறைந்த இடத்தை அரிசி மட்டுமே நிரப்பியது. வயிறு நிறைந்தாலும் உணவின் தரம் உயரவில்லை. ரேஷனில் பயறும் கேழ்வரகும் தவறாமல் சேர்ந்தால்தான் இக்குறை தீரும்.